தள்ளுபடியான கடன் யார் தலையில்?



இன்றைய நற்செய்தியில் (மத்தேயு 18:21-35) பேதுரு ஒரு கணக்கோடு ஆண்டவரிடம் வருகிறார். என் சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்கிறார். ஆண்டவர் பதிலாக ஓர் உவமை சொல்கிறார். அதில் ஒருவன் அரசரிடம் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி! ஞாயிறு, பண்டிகை பாராமல் உழைத்தாலும் அடைத்து முடிக்க 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவன் காலில் விழுந்து தவணை கேட்கிறான். அரசர் மனமிரங்கி முழுக் கடனையும் தள்ளுபடி செய்கிறார்.

அந்தப் பணம் என்ன ஆயிற்று? இந்த உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

இங்கே கொரட்டூரில் நம்மில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள். உங்களில் சிலர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறீர்கள். ஜாப் ஒர்க் முடித்துச் சரக்கை அனுப்பியாயிற்று, பணம் வரவில்லை. நடையாய் நடந்து பார்த்து, கொடுக்க வேண்டியவர் நொடித்துப் போயிருப்பதைக் கண்ணால் கண்டபின், "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார் பட்டறைக்காரர். ஒரே ஒரு சொல்தான். ஆனால் இரும்பு வாங்கிய காசு போனது போனதுதான். கரண்ட் பில் கட்டியாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். அதற்காக வீட்டம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கடன் நீங்கியவர் அந்த அடகுச் சீட்டைப் பார்ப்பதே இல்லை.

அன்பர்களே, தள்ளுபடியான கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. தள்ளியவர் தலையில் அது இறங்குகிறது.

கடவுள் எல்லாம் வல்லவர்தானே, ஒரு வார்த்தை சொல்லி நம் பாவத்தைப் போக்கியிருக்கலாமே, சிலுவை எதற்கு என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாவம் வெறும் ஏட்டுப் பிழையாக இருந்தால் அழித்துவிடலாம். அது ஒருவருடைய சோற்றைப் பறிக்கிறது, ஒருவருடைய மானத்தை வாங்குகிறது, ஒரு குழந்தையை இரவெல்லாம் அழ வைக்கிறது. அந்த வலியை யாராவது சுமந்தே ஆக வேண்டும். கல்வாரியில் கடவுள் அதைத் தாமே சுமந்தார். கோபம் கொண்ட தந்தை குற்றமற்ற மகனை அடித்து ஆத்திரம் தீர்த்துக்கொண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகின்மேல் கொண்ட அன்பால் மகனைத் தந்தவர் தந்தை (யோவான் 3:16). தம் உயிரைத் தாமாகவே கொடுத்தவர் மகன் (யோவான் 10:18). நாம் திருந்தி வரும்வரை அவர் காத்திருக்கவுமில்லை. பாவிகளாய் இருந்தபோதே நமக்காக உயிர் துறந்தார் (உரோமையர் 5:8).

இந்த அன்பை நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே ஒரு குடும்பம் வாழ்ந்து காட்டியது. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்தவர் அருள்சகோதரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர்ப் பகுதியில் பழங்குடி மக்களோடு வாழ்ந்து, வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்கள் மீள வழிகாட்டினார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்துப் பயணத்தின்போது, பயணிகள் கண்ணெதிரே, ஏவிவிடப்பட்ட சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். அப்போது ராணி மரியாவுக்கு வயது 41.

அவருடைய தங்கை செல்மி பாலும் துறவிதான். 2002-இல் அவர் சிறைக்குப் போய், தன் அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டினார். அந்தக் குடும்பமே சமுந்தர் சிங்கின் விடுதலைக்காக மனுக் கொடுத்தது. 2006-இல் வெளியே வந்தவர், அடுத்த ஆண்டு புல்லுவழிக்குச் சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். ராணி மரியாவின் தாயும் அவரை மன்னித்து, அவருடைய கைகளை முத்தமிட்டார். மகளின் இரத்தம் பட்ட கைகள்! அந்த முத்தத்துக்கு என்ன விலை என்று பெற்றவர்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவருக்குத் தண்டனை கிடைத்தது. பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். மன்னிப்பு நீதியைத் தடுக்கவில்லை. ஆகவே குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் தினமும் அடி வாங்கும் சகோதரிக்குச் சொல்கிறேன்: மன்னிப்பது என்றால் அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பது என்று பொருளில்லை. பாதுகாப்பைத் தேடுங்கள், உதவி கேளுங்கள். பங்கு உங்களோடு நிற்க வேண்டும். அது எங்கள் கடமை.

மற்றபடி, நம் வீடுகளைப் பார்ப்போம். ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலம் இன்று மனையாகி, சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அந்தச் சதுர அடிக்காக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தும் பிரிக்காமல் கிடக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். உவமையில் தள்ளுபடி பெற்றவன் வெளியே போனதும், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான். அந்த நூறு தெனாரியம்கூட மூன்று மாதக் கூலிக்கு மேல்தான், விட்டுக்கொடுத்தால் வலிக்கும். ஆனால் ஆறு கோடி நாள் கூலியைத் தள்ளுபடி பெற்ற கையோடு, நூறு நாள் கூலிக்காகத் தம்பியின் கழுத்தைப் பிடிக்கலாமா?

சற்று நேரத்தில் ஆண்டவர் கற்றுத் தந்த செபத்தைச் சொல்லப் போகிறோம். பிறகு அமைதியைப் பகிர்ந்துகொண்டு, நமக்காகக் கையளிக்கப்பட்ட உடலை உட்கொள்ளப் போகிறோம். அதற்குமுன் ஒரு பெயரை நினையுங்கள். இந்த வாரமே அவர் வீட்டுப் படியேறுங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள். வெகு நாளாக ஒப்புரவு அருளடையாளம் பெறாதவர்கள் தயங்காமல் வாருங்கள். நீங்கள் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. விலையை அவர் கொடுத்து முடித்துவிட்டார்.

நமக்காக இழந்த ஆண்டவர், பிறருக்காக இழக்கும் துணிவை நமக்கும் தருவாராக. ஆமென்.