‘நாம’ என்றால் யார்?

தஞ்சைப் பெரிய கோயில் படத்தைப் போட்டு “அப்பவே நாம எப்படிக் கட்டியிருக்கோம் பாருங்க” என்று எழுதாத ஆளே நம்மில் குறைவு. நானும் அந்த விமானத்தின் கீழே நின்று சிலிர்த்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ‘நாம’வைக் கேட்டால் பத்தாம் வகுப்பில் வரலாறு எடுத்த சார் ஞாபகம் வந்துவிடும். யாராவது “நாம கட்டினோம்” என்றால் அவர் விட மாட்டார். “அதுல நீ எங்கப்பா நின்ன? கல்லு தூக்குனியா, கணக்கு எழுதுனியா?”

வகுப்பு சிரிக்கும். அவர் கல்வெட்டுக்குப் போய்விடுவார். 1010இல் முடிந்த கோயில் அது. தச்சர் தலைவன் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் சுவரில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பெயரும், ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. அந்த நெல் வர வேண்டிய ஊர்களின் விவரமும் உண்டு. அவற்றில் வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசை போகும்.

“வரி இல்லன்னா நல்லதுதானே சார்?” என்று ஒருத்தன் கேட்டான்.

“சுடுகாட்டுக்கும்தான் வரி இல்ல.”

ஊர்நத்தமும் அதே வரிசையில் இருப்பதால் வரிவிலக்கை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்று அவரே சொன்னார். அவர் காட்டியது வேறு. ஊர் ஓரிடம், சேரி ஓரிடம் என்று அப்போதே பிரிந்து கிடந்தது. அந்த 100 கலத்துக்காகச் சேற்றில் இறங்கியவர்கள் அந்த வரிசையில் வாய்க்காலைப் போல ஓர் இடமாக மட்டுமே வருகிறார்கள். பெயர் இல்லை.

பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்: அந்தக் காலத்தில் கூலி நெல்லை யார் அளந்தார்கள், யாருக்கு அளந்தார்கள்?

என் தாத்தா சொன்னார், “நாம யாருக்கும் கொறை வெச்சதில்ல. பொங்கலுக்கு வேட்டி, நல்லது கெட்டதுக்கு நெல்லு.” என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பனின் பாட்டி சொன்னது இது: “வாங்குற மரக்கா வேற, குடுக்குற மரக்கா வேற.” இரண்டு பேரும் பேசியது ஒரே களத்தைப் பற்றி, ஒரே வயலைப் பற்றி. சார் இரண்டு நோட்டையும் பெயர் சொல்லாமல் அடுத்தடுத்து வாசித்தார். எது சரி என்று சொல்லவில்லை. போர்டில் மூன்று வருஷங்களை எழுதினார். 1952, பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1968, கீழ்வெண்மணி. 1969, விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். நடுவில் இருப்பதைப் பற்றி அன்று முழுக்கப் பேசினார். டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட ஊரில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு போயிற்று. வர்க்கம் என்ற சொல்லுக்கு அவர் வேறு விளக்கம் சொன்னதாக ஞாபகம் இல்லை. யாருடைய சொல்லை நம்புவது இயல்பாக இருக்கிறது என்பதே அதற்குள் அடங்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் சாரோடு எனக்கு இன்றுவரை சண்டை உண்டு. வெண்மணியைக் கூலிப் போராட்டம் என்றே சொல்வார். சாதி என்று வரும் இடத்தில் குரல் இறங்கும். செத்த 44 பேரும் தலித்துகள். கூலி மட்டுமே காரணம் என்றால் அந்தக் கணக்கு ஏன் அப்படி விழுந்தது? ‘பறைச்சேரி’ என்று சுவரிலேயே வெட்டியிருப்பதை எங்களுக்குக் காட்டியவர் அவர். அதைப் படித்த கண்ணுக்கு அரைப்படி நெல் மட்டும் எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கும் விதை அவர் போட்டதுதான்.

தாத்தா செய்ததற்கு நான் என்ன பண்ண முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் பிறப்பதற்கு முன் நடந்ததற்கு என்னைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் அதே ஆள் 1010இல் எழும்பிய கோயிலுக்கு மார் தட்டும்போது எனக்கு இடிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெருமை ரத்தத்தில் வரும், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கடன் மட்டும் வராது என்றால் அது என்ன கணக்கு? ‘நாம’ என்று சொல்லிவிட்டால் இரண்டும் சேர்ந்துதான் வரும். வேண்டாம் என்றால் இரண்டையும் விட வேண்டும். அதுவும் நேர்மைதான், ஆனால் அப்படி விடுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

அதோடு கடன் என்பது சும்மா உவமை இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு மா நிலத்தை விற்றுத்தான் என்னைக் காலேஜில் சேர்த்தார்கள். நண்பனின் பாட்டி நாற்று நட்ட வயல் அது. அவன் வீட்டில் விற்க எதுவும் இல்லை, அதனால் பேங்கில் கல்விக்கடன் வாங்கிப் படித்தான். மாசா மாசம் கட்டுகிறான். இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கிறது.