படிவத்தில் இல்லாத கட்டம்

1986இல் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்தவர்கள் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். 'ஆபத்தான பிரிவு' என்ற முத்திரை அப்பெண்கள்மேல் விழுந்தது. 1997இல் வெளிவந்த புனே ஆய்வு, கணவரைத் தவிர வேறு துணையே இல்லாத மனைவியரிடமும் தொற்றைக் கண்டது.

நான் டேட்டாவோடு பிழைப்பவன். எங்கள் அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசை. 'எத்தனை துணை?' 'ஒன்று.' ரிஸ்க் குறைவு என்று மாடல் சொல்லிவிடும். அந்த ஒருவர் எங்கே போய்வந்தார் என்பதற்குக் கட்டமே இல்லை. இருந்தாலும் அவள் எதை நிரப்புவாள்? ஆணுறை என்று வாயெடுத்தால், 'என்மேலயே சந்தேகமா?' என்பான். அப்புறம் அவளிடம்தான் கவனமாக இருக்கச் சொல்கிறோம். இது என்ன நியாயம்?

என் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனை பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.