பீமனின் சாந்தம்

எங்கள் கிரேட் டேனுக்குப் பெயர் பீமன். எடை 68 கிலோ. என்னைவிட 6 கிலோ அதிகம். ஒரே வருடத்தில் அவன் வளர்ந்து நின்றதைப் பார்த்து மிரண்ட அம்மா, கொஞ்ச நாள் முற்றத்துப் பக்கமே வரவில்லை. இப்போது அவள் பூப் பறிக்கப் போனால் பின்னாலேயே போகிறான். பூஜை அறை வாசற்படியோடு நின்றுவிடுகிறான். (பைரவருக்கு வாகனமாக இருக்கலாம், படி தாண்டக் கூடாது. இது அம்மாவின் சாஸ்திரம்.)

போன மாதம் என் 3 வயது மகள் அவன் தட்டில் கையை விட்டு அளைந்தாள். தின்றுகொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, அவள் கையை எடுக்கும்வரை சும்மா நின்றான். கல்லூரியில் தத்துவம் சொல்லித்தரும் தம்பி, "அது அகிம்சை இல்லைண்ணா, வளர்ப்பு" என்றான். வாஸ்தவம். டேன் என்று பெயரே தவிர, இது ஜெர்மனியில் உருவான இனம். முன்னோர்கள் காட்டுப்பன்றியைப் பிடித்து நிறுத்தியவை. மூர்க்கத்தைக் கழித்துக் கழித்து மனிதர்கள் பொறுக்கியெடுத்த சாந்தம் இது. அப்படியானால் பீமனுக்கு இதில் புண்ணியம் உண்டா?

என் பொறுமை மட்டும் என்னவாம், பாட்டியின் விசிறிக்காம்பு தந்ததுதானே என்றேன். தம்பி பதில் சொல்லவில்லை.

இந்த இனத்துக்கு ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 10 வருடம். பீமனுக்கு 5 முடிந்துவிட்டது. வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டென்பதால் சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, பிறகு ஓடவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தலையை என் மடியில் வைக்கிறான். கால் மரத்துப்போகிறது.