அன்பும் அறியாமையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிதம்பரம் வட்டத்து வயல்களில் இரவு முழுதும் ஒலிக்கும் தவளைகளின் குரலைக் கேளாதார் இப்பகுதியில் இலர். வீராணத்து நீர் வாய்க்கால் வழியே வந்து வயல் நிறைந்ததும் அக்குரல் எழும். அச்சிற்றுயிர் நம் மனச்சான்றைத் தொடும் ஒரு கேள்வியைக் கொண்டுவரும் என்று நாம் எண்ணியதில்லை. ஒரு சிறுவன்தான் அதைக் கொண்டுவந்தான்.

மார்கழியில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, அவன் ஒரு கண்ணாடிச் சாடியுடன் நின்றிருந்தான். உள்ளே கட்டைவிரல் அளவேயான இளந்தவளை ஒன்று தோல் சுருங்கி, உலர்ந்து, இறந்து கிடந்தது. "குளிருமேன்னு ராத்திரி பூரா பல்பு போட்டு வெச்சேன் சாமி. சோறும் போட்டேன். செத்துப் போச்சு. நான் பண்ணினது பாவமா சாமி?" என்றான்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. ஏனெனில், கேள்வி எளியதன்று. அவன் தவளையை வெறுக்கவில்லை; நேசித்தான். அந்நேசமே அதைக் கொன்றது.

தவளையின் தேவைகள் நம் தேவைகள் அல்ல. அது தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை; சுற்றுப்புற வெப்பமே அதன் வெப்பம். நம் கடலோரத்தில் மார்கழி இரவும் வழக்கமாக 20 பாகை செல்சியசுக்கு மேலேதான் இருக்கும். அதுவே அதற்குப் போதும். அது வாயால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியே நீரை ஈர்க்கிறது, தோலாலும் சுவாசிக்கிறது. எனவே ஈரம் உலர்ந்தால் தாகமும் மூச்சுத்திணறலும் ஒருங்கே வந்துவிடும். இரவில் நடமாடும் உயிராதலால் அதற்குப் பகலின் மெல்லிய வெளிச்சமும் இரவின் இருளும் வேண்டும். விடிய விடிய எரியும் விளக்கு வேண்டியதில்லை. அசையாத சோற்றை அது உணவென்றே அறியாது. அசையும் சிறு பூச்சியையே பிடித்து உண்ணும். குழாய் நீரில் கலந்துள்ள குளோரின்கூட அதன் தோலுக்குத் தீங்கு செய்யும்.

சிறுவனோ தன்னை அளவாக வைத்து அதை அளந்தான். தனக்குக் குளிர்ந்தது, ஆகவே அதற்கும் குளிரும் என்றான். தனக்குச் சோறு இனித்தது. ஆகவே அதற்கும் இனிக்கும் என்றான். நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவன்றோ? தாம் அடையாததைப் பிள்ளை அடையவேண்டும் என்று அதன் மீது ஓயாது விளக்கெரிக்கும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர்; பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேளாதவர்கள்.

அறியாமையைப் புனித தாமஸ் அக்குவினாஸ் இரண்டாகப் பிரித்துக் காண்கிறார். முயன்றும் வெல்லமுடியாத அறியாமை குற்றத்தை நீக்கும். அறிய வேண்டியதை, அறியக்கூடியதை, அறிய முயலாதிருப்பதோ கவனமின்மை. அது தானே குற்றமாகும். பெரியோரின் கதையில் இது தெளிவாகும். நம் நாட்டிலிருந்து ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால்கள் ஏற்றுமதியாயின. வயற்பூச்சிகளை உண்டு உழவனுக்கு உதவும் உயிர் அது என்பதை அறிதல் கடினமா? ஆயினும் 1987-இல்தான் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. சிறுவனின் அறியாமைக்கு ஓர் உயிர் பலியானது; பெரியோரின் அசட்டைக்குப் பலியானவை எண்ணிலடங்கா.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்னரே அச்சாடியை அவன் நம்மிடம் காட்டியிருந்தான். "நல்ல பிள்ளை" என்று தலையைத் தடவிவிட்டு நாம் நகர்ந்தோம். அது என்ன தின்னும், எங்கே வாழும் என்று நாம் கேட்கவில்லை. வயலோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது தெரியாததன்று. எனவே அன்று காலை அவன் கேட்ட கேள்வி அவனைவிட நம்மையே சுட்டியது.

"தம்பி, உன் மேல் குற்றமில்லை, உனக்குச் சொல்லாத எங்கள் மேல்தான் குற்றம். ஆனால் இன்று தெரிந்துகொண்டாய். இனி இப்படிச் செய்தால் அது உன் குற்றம்" என்றோம். அவன் தலையசைத்தான். கோயில் வளாகத்துப் பூவரச மரத்தடியில் இருவருமாகக் குழி தோண்டி அதைப் புதைத்தோம்.

மனிதரிடம் படைப்பை ஒப்படைத்த இறைவன் பண்படுத்தவும் காக்கவுமே ஒப்படைத்தார் என்று தொடக்கநூல் கற்பிக்கிறது. காப்பதற்கு முதற்படி அறிதல். அடிபட்ட உயிரை எடுத்துவந்தால் ஈரமும் இருளும் உயிருள்ள இரையும் தந்து, தேறியதும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். நலமாயிருப்பதை எடுக்கவே வேண்டாம்; இறைவன் தரும் மழை அதற்குப் போதும்.

உலகமறியாதவனைக் கிணற்றுத் தவளை என்கிறோம். தன் குளிரையும் தன் பசியையும் கொண்டே பிறரை அளப்பவனுக்கும் அப்பெயர் பொருந்தும். நாம் நேசிப்பவரிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று இன்று ஒருமுறையேனும் கேட்போம், கேட்டபின் விடைக்குக் காத்திருப்போம்.