பிள்ளைக்காகப் பேசுகிறவர்

ஒருவருக்காக மற்றொருவர் பேசலாமா? வக்கீல் பேசுகிறார், தரகர் பேசுகிறார், கல்யாணப் பேச்சில் தாய்மாமன் பேசுகிறார். அவர்கள் பேசுவது பிடிக்காவிட்டால், “நிறுத்துங்கள், நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மறுக்க உரியவருக்கு வாய் இருக்கிறது. பாண்டியன் சபையில் கண்ணகி தன் வழக்கைத் தானே வாதாடினாள். கையில் சிலம்பு இருந்தது. நாவில் சொல் இருந்தது. வீட்டிலேயே அடிபட்டு வந்து நிற்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு இவ்விரண்டுமே இல்லை. அதற்காகப் பேச வருகிறவர் எதைப் பேச வேண்டும்? அது விரும்புவதையா, அதற்கு நல்லது என்று தமக்குத் தோன்றுவதையா?

சேலம், நாமக்கல் சீமைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் தொடங்கியது சேலத்தில்தான். பச்சைக் குழந்தைகளுக்கு விலை பேசிய செய்தி 2019-இல் வெளிவந்தது ராசிபுரத்திலிருந்துதான். தொட்டிலில் விட்ட தாய்க்கும் விலை பேசிய தரகுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் “எல்லாம் குழந்தையின் நன்மைக்குத்தான்” என்று இருவருமே சொல்ல முடியும். பெரியவர்கள் செய்கிற எந்தக் காரியத்துக்கும் அந்த ஒரு சமாதானம் பொருந்திவிடுகிறது. அதனால்தான் அதைக் கேட்டால் எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது.

சட்டம் இந்த அச்சத்தை உணர்ந்திருக்கிறது. ஆதரவற்ற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். தலைவர் ஒருவர், அங்கத்தினர் நால்வர். குழந்தையின் நலனே முதன்மை என்கிறது அச்சட்டம். குழந்தையின் சொல்லும் கேட்கப்பட வேண்டும் என்று அதே பிரிவில் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் விதிகள், விசாரணையிலும் வழக்கிலும் கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரை அனுமதிக்கின்றன. அப்படி ஒருவர் வேண்டுமா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சூகப், முன்பின் அறியாத குழந்தைகளின் வாழ்வை ஒரு சில காகிதங்களை வைத்துக்கொண்டு தீர்மானிப்பது எப்படி என்று கலங்கினார். 1977-இல் ஊர்மக்களிலிருந்தே தொண்டர்களைப் பழக்கி, குழந்தைகளை நேரில் அறிந்து வந்து கோர்ட்டில் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். அவர்கள் சொல்ல வேண்டியது குழந்தைக்கு எது நல்லது என்பதை. நம் கேள்வி அங்கேயும் தீர்ந்துவிடவில்லை.

ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண். தாய் இல்லை. தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறான். 1098-க்கு யாரோ போன் செய்து, அவளை இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். “உனக்கு என்ன வேணும், கண்ணு?” என்று கேட்டால், “நான் எங்கப்பாகிட்டயே போறேன்” என்கிறாள். அவளுக்காக வந்தவர் இதைக் குழுவிடம் அப்படியே சொன்னால் அவளைத் திரும்ப அடிக்குக் கொடுத்தவராவார். மறைத்தால், இருந்த ஒரே வாயையும் அடைத்தவராவார்.

இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்து பேசுகிறவருக்கு மூன்றாவது வழி தெரியும். “தம்பிக்கு யாரு சோறு போடுவா?” என்று அவளே கேட்பாள். தகப்பனிடம் போக வேண்டும் என்ற ஆசைக்குள் ஒளிந்திருந்தது தம்பி. அவனையும் அழைத்துவந்து அவளோடு வைத்தால் அந்த ஆசையில் பாதி நிறைவேறிவிடும். விருப்பமும் நன்மையும் எதிரெதிராக நிற்பதாக நாம் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறோம். பல சமயம் முழுதாகக் கேளாததுதான் காரணம்.

எப்போதும் இப்படி முடியாது. தம்பியும் இல்லை, வேறு காரணமும் இல்லை, அப்பாதான் வேண்டும் என்று அழுகிற குழந்தை உண்டு. அடித்த கையையே பிடித்துக்கொள்ள அது ஏங்கும். அப்போது குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே முதலில் சொல்ல வேண்டும். பிறகு, “என் அபிப்பிராயம் வேறு” என்று தனியே சொல்ல வேண்டும். இரண்டையும் கலக்கவே கூடாது.

கதை எழுதுகிறவனுக்குக் கலந்துவிடும் உரிமை உண்டு. என் நாவலில் வரும் குழந்தை நான் நினைத்ததைத்தான் பேசும், அதற்கு நோவதில்லை. உயிருள்ள குழந்தையின் வாயில் என் வாக்கியத்தை வைப்பது அதற்கு இன்னொரு முறை இழைக்கும் கொடுமை. முன்பு உடம்பில் பட்டது இப்போது சொல்லில் படுகிறது.

முடிவில் குழு மறுத்துவிட்டால், கேட்டதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. “நீ சொன்னதைச் சொன்னேன், அவர்கள் இன்ன காரணத்தால் வேண்டாம் என்றார்கள்” என்று திரும்பி வந்து அந்தக் குழந்தையிடம் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அது அழும், கோபிக்கும். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்காது. அடிபட்ட பிள்ளைகளுக்கு அன்பைக் காட்டிலும் அரிதாகக் கிடைப்பது, சொன்னபடி திரும்பி வருகிற பெரியவர். வியாழக்கிழமை வருகிறேன் என்றால் வியாழக்கிழமை போய் நிற்க வேண்டும். அது முடியாதவர்கள், எவ்வளவு இளகிய மனம் படைத்தவர்களானாலும், இந்தத் தொண்டுக்கு வராமலிருப்பதே தர்மம்.