கண்ணுக்குத் தெரியாத கயிறு

1963-ஆம் வருஷம். ஸ்பெயின் தேசத்தில் கோர்டோபா என்ற ஊரை அடுத்த ஒரு பண்ணை. சண்டைக்கென்றே வளர்த்த காளை ஒன்று கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒரு மனிதரை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அவர் மாடு பிடிக்கிற வீரர் அல்லர்; யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோஸே டெல்காடோ என்ற விஞ்ஞானி. கையிலிருந்த ரேடியோக் கருவியின் பொத்தானை அழுத்துகிறார். காளையின் மூளைக்குள் முன்பே பதித்து வைத்திருந்த கம்பியில் மின்சாரம் பாய்கிறது. காளை சட்டென்று நின்று, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது.

காளையின் கோபம் தணிந்தது என்றார் டெல்காடோ. கோபம் தணியவில்லை, உடம்புதான் வலுவில் திருப்பப்பட்டது என்று மறுத்தார்கள் வேறு சிலர். எப்படியிருந்தாலும் இது எனக்குப் புரிகிறது. நம் வண்டிக்காரன் மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்கிறானே, ஏறக்குறைய அதே காரியந்தான். கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது காளை அல்ல, எலி.

2002-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சஞ்சீவ் தல்வார், ஜான் சேப்பின் முதலிய விஞ்ஞானிகள் ஐந்து எலிகளைப் பழக்கினார்கள். முதுகில் ஒரு குட்டி மூட்டை, அதுதான் ரேடியோ. இடப்பக்கத்து மீசையை யாரோ தொட்டது போன்ற உணர்வை மூளையில் எழுப்புவார்கள். எலி இடப்பக்கம் திரும்பினால், இன்பம் பிறக்கிற இடத்தில் ஒரு சிறு மின்துடிப்பு. அவ்வளவுதான். 500 மீட்டர் தூரம் வரை இருந்துகொண்டு அதை ஏணியில் ஏற்றினார்கள், இடிபாடுகளுக்குள் நுழைத்தார்கள். எலிகள் அஞ்சி ஒதுங்கும் வெளிச்சமான திறந்த வெளியிலும் நடத்தினார்கள்.

இங்கே வலி இல்லை; வற்புறுத்தல் இல்லை. எலி தன் இஷ்டப்படி போகிறது! கட்டட இடிபாட்டில் சிக்கிய மனிதர்களைத் தேட இது உதவும் என்றும் சொன்னார்கள். பிறகு என்ன குறை?

மூக்கணாங்கயிறு இழுபடும்போது மாட்டுக்கு வலிக்கிறது. வலிப்பதனாலேயே, தன்னை வேறு யாரோ இழுக்கிறார்கள் என்று அதற்குத் தெரிகிறது. முரண்டு பிடிக்க ஓர் இடம் மிச்சமிருக்கிறது. உணவு காட்டிப் பழக்கிய நாய்கூட வயிறு நிறைந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த எலியிடம் பிறர் கட்டளை அதன் சொந்த ஆசையின் வேஷத்தில் வருகிறது. தன் ஆசையோடு எந்தப் பிராணி சண்டை போடும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தொடர்கதையில் நான் சாகவிருந்த பெண்ணை வாசகர் கடிதங்களுக்காகப் பிழைக்க வைத்தேன். பாராட்டுகள் வந்தன, மனம் குளிர்ந்தது. அடுத்த கதையிலும் அதே பக்கம் திரும்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகவே விரும்பித் திரும்பினேன் என்றுதான் வெகுநாள் நம்பினேன். பிறகு ஒருநாள் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் எனக்கு வரமுடிந்தது, எலிக்கு வராது.

அதனால்தான் பொத்தான் வைத்திருப்பவனுக்குப் பொறுப்பு அதிகம். மண்ணுக்குள் புதைந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற எலியை அனுப்பத்தான் வேண்டும் என்றால் அனுப்பட்டும். நான் தடுக்க மாட்டேன். ஆனால், "அது விரும்பித்தானே போகிறது" என்று மட்டும் அவன் சொல்லக் கூடாது. அந்த விருப்பத்தைச் செய்து வைத்தவனே அவன்தான்.