பெட்டிக்குள் வைத்த வீடு

நியூ ஜெர்சி மாநிலம் எடிசன் நகரில், ஓக் ட்ரீ சாலையின் இந்தியக் கடைகளுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது அந்த வாடகை வீடு. 2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் பிரசவத்துக்காக மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தம் பழைய மாணவரைப் பார்க்க அங்கே போனார். மாணவர் படித்தது கணிதம். பகுதி ஒன்று தமிழ் மட்டும் இவரிடம். 2010-இல் எச்-1பி வேலை விசாவில் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் வந்து இறங்கியவர்.

கூடத்தின் மூலையில் 55 அங்குலத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி நெட்டுக்குத்தாக நின்றது.

“டி.வி. இப்பத்தான் வாங்கினியா தம்பி?”

“ஒன்பது வருஷம் ஆச்சு ஐயா. திடீர்னு கிளம்ப வேண்டி வந்தா பேக் பண்ணணுமேன்னு வச்சிருக்கேன்.”

சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. கல்யாணப் படம் தரையில், சுவரோரமாகச் சாய்ந்திருந்தது.

“வாழ்க்கையே பாதியில நின்னுபோன மாதிரி இருக்கு ஐயா. கிரீன் கார்டு வரட்டும், வரட்டும்னு எல்லாத்தையும் தள்ளிப் போடறேன். வீடு வாங்கல. அப்பா தவறினப்பகூடப் போகல. போனா விசா ஸ்டாம்பிங் கிடைச்சுத் திரும்பி வர முடியுமான்னு பயம்.”

ஆசிரியர் ஆறுதல் சொல்ல அவசரப்படவில்லை. அந்தக் கிரீன் கார்டு வரிசை எப்படி நகர்கிறது என்று கேட்டார்.

1990-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி, வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். மனைவி மக்களும் அதற்குள்தான் அடக்கம். பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் நான்கு லட்சத்தைக்கூட எட்டாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. எச்-1பிக்கு ஆறு ஆண்டுதான் எல்லை என்றாலும், ஐ-140 என்னும் குடியேற்ற மனு ஏற்கப்பட்டு வரிசையில் நிற்பவர்கள் மும்மூன்று ஆண்டாக நீட்டித்துக்கொள்ளலாம். வரிசை எந்தத் தேதிக்கு வந்திருக்கிறது என்பதை மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டின் சொல்லும்.

“என் ப்ரயாரிட்டி டேட், அதாவது வரிசைல என் இடத்துக்கான தேதி, 2015 மார்ச். 2022 செப்டம்பர்ல இந்தியாவுக்கான ஈபி-2 பிரிவுத் தேதி 2014 டிசம்பர் 1 வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் மூணே மாசம்! வீட்ல கேசரி பண்ணினோம். அக்டோபர்ல அது 2012 ஏப்ரல் வரைக்கும் பின்னால போயிடுச்சு. இந்த மாசம் 2012 ஜூலைல நிக்குது.”

ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “முல்லைத் திணைக்கு உரிப்பொருள் என்ன?”

“இருத்தல்.”

“அர்த்தம்?”

“தலைவன் வர்ற வரைக்கும் ஆற்றியிருக்கிறது. காத்திருக்கிறது.”

“அதே சொல்லுக்கு உயிரோட இருக்கிறதுன்னும் அர்த்தம், குடியிருக்கிறதுன்னும் அர்த்தம். ‘எங்க இருக்கே’ன்னு யாராவது கேட்டா எடிசன்ல இருக்கேன்னுதானே சொல்றே? எடிசன்ல நிறுத்தி வச்சிருக்காங்கன்னு சொல்றதில்லையே.”

மாணவர் விட்டுக்கொடுக்கவில்லை. “அந்தத் தலைவிக்குக் கார்காலம்னு ஒரு தவணை இருந்தது ஐயா. மழை வந்தா அவன் வருவான். எனக்கு மழையே பின்னால போகுதே!”

நியாயமான மறுப்பு. ஆசிரியரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

“அவளுக்கும் தவணை பொய்த்திருக்கு தம்பி. குறுந்தொகைல மழை வந்துடும், கொன்றை பூத்துடும், அவன் மட்டும் வரமாட்டான். தோழி என்ன சொல்லுவா தெரியுமா? இது கார்காலமே இல்ல, காலம் தப்பி வந்த மழையைப் பார்த்துக் கொன்றை ஏமாந்து பூத்துடுச்சும்பா. 2022-ல உங்க வீட்ல கேசரி கிண்டினீங்களே, அந்த மாதிரி. ஆனா அன்னைக்கு ராத்திரியும் அந்த வீட்ல விளக்கு ஏத்தியிருப்பாங்க. இந்தச் சட்டம் அநியாயம். பொறுத்துப் போன்னு நான் சொல்லல. எழுது, கேட்க வேண்டிய இடத்துல கேளு. அது வேற, படத்தைத் தரையில வச்சிருக்கிறது வேற.”

பேசிக்கொண்டே எழுந்தவர் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்துக் குனிந்தார். நீலப் பேனாவால் குறுக்குக் கோடுகள். ஒவ்வொன்றின் அருகிலும் தேதி: 2015 ஆகஸ்ட், 2016 பிப்ரவரி, 2016 ஆகஸ்ட். கடைசிக் கோடு பெட்டியின் விளிம்பை ஒட்டி, 2017 பிப்ரவரி.

“இது என்ன?”

“பாப்பாவோட உயரம். வாடகை வீட்டுச் சுவர்ல கிறுக்கக் கூடாதுன்னு இதுல குறிச்சேன். பத்து வயசுல பெட்டியைத் தாண்டிட்டா.”

“அப்புறம் எங்க குறிச்சே?”

மாணவர் பதில் சொல்லவில்லை.

அந்த மகளுக்கு அன்று 17 வயது. 21 ஆனால் தந்தையின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. அப்போது மாணவர் விசாவோ வேறு வழியோ அவளே தேட வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட அவரைத் தூங்கவிடாத கணக்கு அதுதான். “2028 பிப்ரவரில அவளுக்கு 21 ஐயா” என்றார். ஆசிரியரிடம் அதற்கு விடை இல்லை; இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

கதவு திறந்தது. ட்ரம்பெட் பெட்டியோடு உள்ளே வந்தவள், “வணக்கம் தாத்தா” என்றாள். பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் மூன்றாம் ஆண்டாக வாசிக்கிறாளாம். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம், இடைவேளையில் இவர்கள் முறை.

“அப்பா வந்து கேட்டிருக்காரா?” என்றார் ஆசிரியர்.

அவள் தந்தையைப் பார்த்தாள். அவர் பெட்டியின் கடைசிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை மணிக்குடா?”

“ஏழுக்கு. குளிரும்பா, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.”